இடது கையைத் தூக்கினால் போதும்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எனக்குக் கடைவாய்ப் பல் சொத்தையானது. கிராம்பு வைத்தும் வலி அடங்காமல் கன்னம் வீங்கிய பிறகுதான் அப்பா என்னை எருமப்பட்டியிலிருந்து நாமக்கல்லுக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். அவருக்கு போர்வெல் ரிக் வண்டியில் வேலை. எட்டு மாதம் வெளிமாநிலம், மீதி நாள் வீடு. திங்கட்கிழமை வண்டி கிளம்பவிருந்தது.

பல் ஆஸ்பத்திரி வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நகரவில்லை.

"துளை போடறதுக்கா சாமி பயப்படறே? பாறையே கம்முனு வாங்கிக்குது. உம்பட பல்லுக்கென்ன?" என்றார் அப்பா.

உள்ளே கொடுத்த தாளில் பெயரும் ஊரும் எழுதியது நான்தான். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமையில் வந்த தெம்பு, நாற்காலியைப் பார்த்ததும் போய்விட்டது.

டாக்டரம்மா அவசரப்படவில்லை. ஊசி போட்டு மரத்துப்போகும்வரை காத்திருந்தார். "வலிச்சா இடது கையைத் தூக்கு. உடனே நிறுத்திடுவேன்" என்றார். நம்பாமல், வலிக்காமலே தூக்கிப் பார்த்தேன். மெஷின் நின்றது. இன்னொரு தரம் தூக்கினேன். அப்போதும் நின்றது. அதற்குப் பிறகு தூக்கத் தோன்றவில்லை.

"பொண்ணு தைரியமா காட்டிட்டா. நீங்களும் ஒருக்கா வாயைக் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

அப்பா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். ரிக்கில் தூக்கம் வராமலிருக்க உதட்டுக்குள் புகையிலை அடக்கிப் பழகியவர். டாக்டரம்மா விளக்கை இழுத்து வெகுநேரம் பார்த்தார்.

"எத்தனை நாளா இப்படி வெள்ளையா இருக்கு?"

"காரம் தின்னா எரியுமுங்க. அவ்வளவுதானுங்க."

"துளி சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும். இன்னிக்கே எடுத்துடலாம். இதைத் தள்ளிப்போட்டா..."

அப்பா இடது கையைத் தூக்கினார்.

டாக்டரம்மா நிறுத்தினார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. என் விளையாட்டை அப்பாவும் ஆடுகிறார் என்று நினைத்தேன்.

"வண்டிக்குப் போயிட்டு வந்து காட்டறனுங்க."

டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டை, திரும்பும் பஸ்ஸில் அப்பா என்னிடம் நீட்டினார். இங்கிலீஷ். எழுத்துக் கூட்டினேன், அர்த்தம் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"புரியலப்பா."

"புரியாட்டி உட்டுடு சாமி" என்று வாங்கி மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அம்மாகிட்ட என்ன சொல்லுவே?"

"எனக்கு வலிக்கவேயில்லைன்னு."

"அதைய மட்டும் சொல்லு."

அதை மட்டுமே சொன்னேன், தெரு முழுக்க. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை வண்டி ஏறினார். திரும்பி வந்தபோது, ஒரு வாய்ச் சோறு போகுமளவுக்குக்கூட அவரால் வாயைத் திறக்க முடியவில்லை. அடுத்த ஆடிக்கு அவர் இல்லை.

கையைத் தூக்கியதும் நின்றது டாக்டரம்மாவின் பேச்சு மட்டும்தான் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.