பச்சை முகத்துக்கு எந்தச் சுவர்?

இன்று என் நெற்றியில் நான்கு தையல்.

கொட்டாஞ்சேனையில் என் படக்கடையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாமி படங்களுக்கு ஒரு சுவர், காட்சிகளுக்கு ஒன்று, பெரிய மனிதர்களுக்கு ஒன்று. ஒன்றோடொன்று கலக்க விடமாட்டேன்.

கவர்னர் கையால் பதக்கம் வாங்கிய கப்பல் ஏஜென்ட் ஒருவர், என்னிடம் வரையக் கொடுத்திருந்த தன் படத்தைப் பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார். முகத்துக்கு முதலில் பச்சை பூசி, அது காய்ந்த பிறகுதான் தோல் நிறம் ஏற்றுவேன். அவர் கண்டது ஈரப் பச்சையை.

"இது நானே காணும்? பேயைக் கீறி வைச்சிருக்கிறீர்!"

"பொறுங்கோ ஐயா, இது அடிப்பூச்சு..."

கைத்தடி என் நெற்றியைப் பிளந்தது. அடுத்த அடியில் அந்தோனியார் படத்தின் கண்ணாடி நொறுங்கியது. மூன்றாவது முறை ஓங்கியபோது, கண்ணில் இரத்தம் வழிய, அவர் பிடரியைப் பிடித்து அவருடைய ஈரப் பச்சைப் படத்திலேயே அறைந்தேன். மூக்கு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

பச்சை முகத்தோடு தெருவில் ஓடினார்.

"ஐயா, இப்ப அது நீங்கள்தான்!" என்று கத்தினேன்.

படத்தில் அவர் மூக்கும் பல்லும் பதிந்திருக்கின்றன. எங்கள் இருவரின் இரத்தமும் இருக்கிறது. நான் கீறியதில் இவ்வளவு அச்சு அசலாக ஒரு முகமும் அமைந்ததில்லை.

நாளை பொலிஸ் வரும். அதற்குள் இதை எந்தச் சுவரில் மாட்டுவதென்று யாராவது சொல்லுங்கள்.