காது கேட்ட நாற்பது நிமிடம்

சிறு முதலீட்டுச் சமூகப் படங்களுக்கு ஒலிப்பதிவு செய்யும் அந்தப் பெண்மணியைத் தொழில் வட்டாரத்தில் ‘காது’ என்றால்தான் தெரியும். இருபது ஆண்டுகளில் பதினேழு படங்கள். எல்லாமே மனிதத் துயரம் பேசுபவை. அவற்றைப் பார்த்த அத்தனை பேரையும் ஒரே ரயிலில் ஏற்றிவிடலாம். பலருக்கு ஜன்னலோரமே கிடைக்கும்.

மூன்று தெரு தள்ளி ஒரு பைக் கிளம்பினால் கையை உயர்த்திப் படப்பிடிப்பை நிறுத்திவிடுவார். வீட்டில் கணவர் மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்புவார்.

“ஊர்ச் சத்தமெல்லாம் கேக்குது, நான் கூப்பிட்டா மட்டும் கேக்காதா?”

“உங்க குரல்ல புதுசா ஒண்ணும் இல்லையே.”

அவருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. யாருக்குக் காலர் மைக் மாட்டினாலும், “கேமரா ஓடாதப்ப நீங்க பேசுறதை நான் கேக்க மாட்டேன்” என்று வாக்குக் கொடுப்பார். தவறிப் பதிவானால் கேட்காமலே அழித்துவிடுவார். பதிவு செய்வதே பிழைப்பாக உள்ளவருக்கு, அழித்ததில்தான் பெருமை.

பதினெட்டாவது படம், பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒரு கணக்கு வாத்தியாரையும், அவரை ஆறு ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண்ணையும் பற்றியது. அந்தப் பணிப்பெண்ணை எல்லோரும் அக்கா என்றே அழைத்தார்கள். இயக்குநர் மூன்று வருடமாக அந்த வீட்டில் கேமராவை வைத்துக் கருணையைத் தேடிக்கொண்டிருந்தார்.

“அக்கா, ஜன்னல் பக்கம் பாத்து நில்லுங்க. உங்க மனசுல இருக்கிற பாரத்தை நெனைச்சுக்கோங்க.”

“பாரமா? எழுபத்தெட்டு கிலோ. தெனம் நாலு தடவை புரட்டுறேன்.”

“கட்!”

கேமரா ஓடத் தொடங்கினால் அக்கா பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பவராகிவிடுவார். வாத்தியார் தியாகியைப் போல விட்டத்தைப் பார்ப்பார். படத்தில் கருணை இருந்தது, மனிதர்கள்தான் இல்லை.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவசரமாகக் கிளம்பிய காது, அக்காவின் மைக்கைக் கழற்ற மறந்தார். பதிவுக் கருவி ஓடிக்கொண்டே இருந்தது. மாலையில் நாற்பது நிமிடப் பதிவைக் கண்டு அழிக்கப் போனார். அதற்குள் விரல் தவறி வேறு பொத்தானில் பட, வாத்தியார் சிரிக்கும் சத்தம் கேட்டது. மூன்று வருடத்தில் முதல்முறை. காது நாற்பது நிமிடத்தையும் கேட்டார்.

“வாயைத் தொறங்க வாத்தியாரே. கேமரா இல்ல, தியாகி வேஷம் போதும்.”

“சூப்புல உப்பே இல்ல.”

“டாக்டர் வேணாம்னுட்டாரு.”

“அவனுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்ததே நான்தான். நூத்துக்கு முப்பத்தெட்டு! அவன் பேச்சைப் போய்க் கேக்குறியே!”

இயக்குநரின் முகத்தைப் பற்றியும் இருவரும் சிலவற்றைப் பேசினார்கள். பிறகு துணி மாற்றும் சத்தம்.

“மறுபடி ஈரம் பண்ணிட்டேன். மன்னிச்சுக்கோ.”

“நேத்து என் மேல சூப்பைத் துப்புனீங்களே, அதுக்குக் கேளுங்க. இடுப்பைத் தூக்குறேன். ஒண்ணு, மூணு...”

“ரெண்டு எங்க?”

மறுநாள் காது இயக்குநரிடம் நடந்ததைச் சொன்னார்.

“குடுங்க மேடம்! இதைத்தான் தேடிட்டிருக்கேன். இது இல்லைன்னா படமே இல்ல.”

“அக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அவங்க வேணாம்னா அழிச்சிடுவேன்.”

“மனிதநேயப் படம் எடுக்குறோம் மேடம்!”

“அதனாலதான் சார்.”

நேரே அக்காவிடம் போனார். “நேத்து மைக்கைக் கழட்ட மறந்துட்டேன். அதோட விடல, முழுசாக் கேட்டுட்டேன்.”

அக்காவின் முகம் இறுகியது. “கேக்க மாட்டேன்னு சொன்னியே?”

“சொன்னேன்.”

“துணி மாத்துனதுமா?”

“அதுவும்தான்.”

அக்கா கொஞ்ச நேரம் தலையணை உறையை நீவிக்கொண்டிருந்தார். “என் பேச்சு போகட்டும். அது அவரோட மானம். அவரைக் கேளு.”

காது தன் ஹெட்போனை வாத்தியார் தலையில் மாட்டினார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது நிமிடமும் கேட்டார். வாசலில் இயக்குநர் நகம் கடித்தார்.

“என் சிரிப்பு இவ்வளவு கேவலமா? குதிரை கனைக்கிற மாதிரில்ல இருக்கு!” என்றார் வாத்தியார் கடைசியில். “போட்டுக்கோங்க. ஈரமும் இருக்கட்டும், படுத்தா எவனுக்கும் வர்றதுதான். ஆனா டைரக்டரைப் பத்திச் சொன்னதுல ஒரு வார்த்தை வெட்டக்கூடாது.”

“அப்படி என்ன சொன்னீங்க சார்?” என்றார் இயக்குநர்.

“படத்துல பாத்துக்கோ.”

அக்கா குறுக்கிட்டார். “எனக்கும் ஒண்ணு இருக்கு. மூணு வருஷமா இந்த ரூம்ல நிக்கிறாரு, ஒரு தடவை இவரைத் தொட்டதில்ல. இன்னைக்கு மத்தியானம் டைரக்டர் சாரே புரட்டட்டும்.”

இயக்குநர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். எழுபத்தெட்டு கிலோ அவர் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருந்தது. கால்களைப் பிடிக்கக் கேமராக்காரரும் ஓடினார். கேமரா அநாதையாக நின்றது. காது ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்டுவிட்டு ஒலியை மட்டும் பதிவு செய்தார். முடிந்த படத்தில் அந்த இடத்தில் இரண்டு நிமிடம் திரை கறுப்புதான்.

“அது தோளில்ல தம்பி, கழுத்து!”

“இப்ப சரியா சார்?”

“ஜன்னல் தெரியல. இன்னொரு தடவை.”

கேமராக்காரர் வாத்தியாரின் கால்களை விட்டுவிட்டு எழப் பார்த்தார். இயக்குநர் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, வாத்தியாரின் முதுகுக்குக் கீழே மறுபடி கையை நுழைத்தார். சுவரோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஆறு ஆண்டுகளில் முதல்முறையாகத் தன் மதியச் சாப்பாட்டைச் சூடாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் அக்கா. வாய் நிறைய மென்றபடி அவர் போட்ட கட்டளைகளில் பாதி, அந்தப் பதிவை எத்தனை முறை கேட்டாலும் புரிவதில்லை.