ரோஜா எறங்கு

செஞ்சியிலிருந்து வரும் டவுன் பஸ் எங்கள் ஊரில் இரண்டு இடத்தில் நிற்கும். முதலில் ரேஷன் கடை எதிரில். அங்கே கண்டக்டர் ஊரின் பெயரை முழுதாகச் சொல்லி, "எறங்குங்க, எறங்குங்க" என்பார். அடுத்து ஏரிக்கரை வளைவைத் தாண்டி எங்கள் நிறுத்தம். அங்கே "காலனி எறங்கு" என்பார். அதே பஸ், அதே கண்டக்டர். அந்த வளைவில் மட்டும் 'ங்க' எங்கேயோ விழுந்துவிடும்.

பிளஸ் டூ படிக்கும்போதுதான் இதைக் கவனித்தேன். அதன் பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. எங்கள் தெருப் பெண்கள் சிலர் முதல் நிறுத்தத்திலேயே இறங்கி ஏரிக்கரை மேல் நடந்து வருவார்கள். கூடப் படிக்கிறவர்களுக்குத் தாங்கள் எந்த நிறுத்தம் என்று தெரியக் கூடாது, அதற்காக. நான் ஒரு நாளும் அப்படி இறங்கியதில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா கொத்தனார். அம்மா களையெடுக்கவும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை பிடுங்கவும் போகிறவர். இருவருக்கும் கைநாட்டுதான். அவர்கள் படிக்க வைத்த பெண் எதற்காக மறைந்து நடக்க வேண்டும்? நிமிர்ந்துதான் இறங்குவேன். ஆனால் நிமிர்ந்து இறங்கினாலும் காது சுடும்.

இப்போது பி.காம். முடித்துவிட்டுச் செஞ்சியில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை செய்கிறேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார் திருத்தம் என்று நாள் முழுக்க மற்றவர்களின் முகவரியைத் தட்டுவதுதான் வேலை. "எந்தத் தெரு?" என்று கேட்டதும் சிலருக்குக் குரல் இறங்கிவிடும். தலை நிமிர்ந்து பார்க்காமலே அவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். அதனால்தான், காலனி என்ற சொல்லை அரசு பதிவுகளிலிருந்து எடுக்கப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்று ஜாங்கிரி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அம்மா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இன்னாத்துக்கு ஸ்வீட்டு?" என்றார்.

"இனிமே நம்மள காலனின்னு சொல்ல மாட்டாங்கம்மா. எடுத்துட்டாங்க."

"எத எடுத்துட்டாங்க? வூட்டையா?"

"வூட்ட இல்லம்மா. பேர."

"அத ஏன் எடுக்கணும்? அது இன்னா கெட்ட வார்த்தையா?"

அம்மாவுக்கு அது கெட்ட வார்த்தை இல்லை. அவர் கல்யாணமாகி வந்தபோது எங்கள் தெரு முழுக்கக் கூரை வீடுகள். ஏரி நிரம்பினால் அடுப்பு வரைக்கும் தண்ணீர் வரும். அப்போது ஊர்க்காரர்கள் அந்த இடத்தைச் சொல்லிவந்த சொல்லை நான் இங்கே எழுதப்போவதில்லை. பிறகுதான் அரசாங்கம் தளம் போட்ட வீடுகளைக் கட்டிக் கொடுத்தது. காலனி வீடு என்று அதற்குப் பெயர் வந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் "கூரை வூடா, காலனி வூடா?" என்று விசாரிப்பார்களாம். காலனி வீடு என்றால் உட்கார்ந்து காபி குடிப்பார்களாம். அம்மாவின் காதில் அந்தச் சொல் ஒழுகாத தளம். என் காதில் அது 'ங்க' இல்லாத ஒரு குரல். அன்று இரவு ஒரே தட்டில் ஜாங்கிரி தின்றுகொண்டு இரண்டு பேரும் சண்டை போட்டோம்.

கொஞ்ச நாள் கழித்து, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரும் பஞ்சாயத்து கிளார்க்கும் ஊரிலிருந்து எங்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆசிரியர் நல்ல மனிதர். என்னைக் கல்லூரியில் சேர்க்கச் சொல்லி நைனாவிடம் வந்து பேசியவர் அவர்தான். தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார்:

"காலனிங்கற சொல்லு உங்க மனசப் புண்படுத்துது. அதனால ரோஜா நகர்னு மாத்தியிருக்கோம். போர்டுக்குச் சொல்லியாச்சு."

அம்மா கேட்டார்: "சார், எங்க தெருவுல ஒரு வூட்ல கூட ரோஜா செடி கெடையாதே. வெச்சா ஆடு தின்னுடும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியரும் சிரித்தார். "ஆட்டக் கட்டி வையும்மா. பேரு கேக்க நல்லாருக்குதா இல்லையா?"

"யாருக்கு சார்?"

அவர் அதையும் வேடிக்கையாக எடுத்துக்கொண்டார். "எது புண்படுத்துது, எது புண்படுத்தாதுன்னு நாங்க நல்லா பேசித்தான் முடிவு பண்ணோம்" என்றார்.

நம் மொழியில் 'நாம' என்று ஒரு சொல் இருக்கிறது, 'நாங்க' என்று ஒரு சொல் இருக்கிறது. கேட்டுக்கொண்டு நிற்பவரும் உள்ளே சேர்த்தியா, வெளியேவா என்று அதிலேயே தெரிந்துவிடும். அவர் 'நாங்க' என்றார். யோசித்துச் சொன்னதல்ல. அதுபாட்டுக்கு வந்தது.

நீல நிறப் பலகை வந்தது. வெள்ளை எழுத்து, ஓரத்தில் சிவப்பாக ஒரு ரோஜாப் பூ. மறுநாள் மாலை பஸ் வளைவில் திரும்பியதும் கண்டக்டர் எட்டிப் பலகையைப் பார்த்தார். "ரோஜா எறங்கு!" என்றார்.

பின் சீட்டிலிருந்து ஒரு குரல்: "பாத்து எறக்கு, முள்ளு குத்திடப் போவுது."

பஸ்ஸே சிரித்தது. படியில் என் தங்கை நின்றிருந்தாள். அவள் பிளஸ் ஒன் படிக்கிறாள்.

அடுத்த நாட்களில் அந்தப் பெயர் பஸ்ஸிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள்ளும் போய்விட்டது. "ஏய் ரோஜா, நோட்டு குடு." "ரோஜா வாசன தாங்கல, ஜன்னலத் தொறங்கடா." காலனி என்று சொன்னால் யாராவது ஆசிரியர் அதட்டுவார். ரோஜா என்று சொன்னால் எதைச் சொல்லி அதட்டுவது? பூவின் பெயர்தானே.

தங்கை முதல் நிறுத்தத்தில் இறங்க ஆரம்பித்தாள். அவளாகச் சொல்லவில்லை. யூனிஃபார்மைத் துவைக்கும்போது பேன்ட் ஓரமெல்லாம் நாயுருவி ஒட்டியிருந்ததைப் பார்த்து நான்தான் கேட்டேன். ஏரிக்கரை மேல்தான் நாயுருவி உண்டு.

"எனக்கு ஸ்கூலே வாணாம்க்கா," என்றாள். "வூட்ல இருந்தே படிச்சி எழுதிக்கிறேன்."

வீட்டில் இருந்து படிக்கிறேன் என்று சொல்லிப் படிப்பை விட்டவர்கள் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் உண்டு.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த கண்டக்டரிடம் போனேன். "அண்ணே, எங்க ஸ்டாப்புல ரோஜான்னு கத்தாதீங்க."

"இன்னாம்மா இது? போர்ட்ல இன்னா போட்டிருக்குதோ அதத்தானே சொல்றேன். காலனின்னா கஷ்டமா இருக்குதுன்னீங்க, பூவு பேர் வெச்சாச்சு. பூவுமா குத்துது?"

"பூ குத்தலண்ணே. நீங்க சொல்றதுதான் குத்துது."

"அப்ப நான் வாயே தொறக்கக் கூடாதா?"

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். தலைமை ஆசிரியரிடம் போனபோதும் அப்படித்தான். "ரோஜா... அழகான சொல்லாச்சேம்மா. இதுல இழிவு எங்க இருக்குது?" என்று தனக்குள் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அவர் சொல்லுக்குள் தேடினார். எங்களுக்கு வலித்ததோ பஸ்ஸுக்குள்.

எங்கள் செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களிடம் மூன்று மலை என்றுதான் சொல்வார்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. நாலாவதாக ஒரு சின்னக் குன்றும் இருக்கிறது. அதன் பழைய பெயரில் ஒரு சாதியின் பெயர் இருக்கிறது. மையத்துக்கு வந்து வழி கேட்கிற வெளியூர்க்காரர்களுக்கு நானே மூன்று மலை என்று சொல்லிப் பழகியவள். யாரையும் புண்படுத்த வேண்டாம் என்று பெயரைச் சொல்லக் கூசி, மலையையே விட்டுவிட்டார்கள். அந்தச் சாதிக்காரர்களிடம் யாராவது கேட்டிருப்பார்களா என்று அந்த வாரம்தான் எனக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருக்காரர்கள் மட்டும் தண்ணீர்த் தொட்டியடியில் கூடினோம். ரோஜா வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒன்று. அதற்கப்புறம் ஆளுக்கு ஒரு பேச்சு. பையன்கள் தலைவர் பெயரை வைக்கலாம் என்றார்கள். எந்தத் தலைவர் என்பதில் அவர்களுக்குள்ளேயே தகராறு. நான் நாலைந்து நல்ல தமிழ்ப் பெயர்களை யோசித்து வைத்திருந்தேன். அம்மா காலனியை விடுவதாக இல்லை. "நானு அந்தப் பேர்ல ரேஷன் கார்டு வாங்கனவ. எவனோ இழுத்து இழுத்துச் சொல்றான்னு நான் ஏன் வெக்கப்படணும்?" என்றார்.

பேச்சு ஏறிக்கொண்டே போனது. குழாயடியில் தங்கை குடத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மாதான் அவளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, குரலைத் தணித்தார்.

"நாம பாட்டுக்குப் பேசிக்கினு கீறோம். நெதம் அந்த பஸ்ல எறங்கறவ அவ. அவளக் கேளுங்க."

தங்கை குடத்தை விடவில்லை. "நம்ம வூருக்கு ஒரு பேரு கீதில்ல?" என்றாள். "அதே போதும். ஆதார்ல அதான் போட்டிருக்குது. நாம இன்னா வேற வூரா?"

எங்களில் எவர் மனதிலும் அது வரவில்லை. தினமும் நூறு முகவரி தட்டுகிற எனக்கும் வரவில்லை.

கிராம சபையில் மனுவை எழுதிக் கொடுத்தது நான். இரண்டு நிறுத்தத்துக்கும் ஊர்ப் பெயர் ஒன்றே இருக்கட்டும் என்று கேட்டிருந்தோம். பூவின் பெயரை அவ்வளவு தாராளமாகக் கொடுத்தவர்கள் இதற்குக் கையைப் பிசைந்தார்கள்.

"ஊர் பேரு எப்படிம்மா? அது ஊருக்கு வெச்சதாச்சே" என்றார் ஒருவர்.

இன்னொருவர், "ரெண்டு ஸ்டாப்புக்கும் ஒரே பேர்னா கண்டக்டர் கொழம்பிடுவாரு" என்றார்.

அம்மா எழுந்தார். "கொழம்ப மாட்டாருங்க. எங்கள எங்க எறக்கணும்னு இத்தினி வருசமா அவருக்கு நல்லாத் தெரியும்."

எங்கள் பக்கத்துப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். தலைமை ஆசிரியர் சிரிக்கவில்லை. மனுவை இன்னொரு முறை படித்துவிட்டு, "இதயும் தீர்மானத்துல எழுதிக்கோப்பா" என்று கிளார்க்கிடம் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். மேலே அனுப்பியிருப்பதாகச் சொல்கிறார்கள். பலகை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. வெயிலில் ரோஜா வெளுத்துப்போயிருக்கிறது.

ஆனால் தங்கை பலகைக்காகக் காத்திருக்கவில்லை. சென்ற வாரம் ஒரு நாள் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தோம். பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை என்றாலும் இடம் சொல்லித்தான் வாங்க வேண்டும். அவள் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.

"வூரா, ரோஜாவா?" என்றார் கண்டக்டர்.

"வூருதாங்கண்ணா. ரெண்டாவது ஸ்டாப்பு."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.

ரேஷன் கடை எதிரில் பஸ் நின்றது. "எறங்குங்க, எறங்குங்க." தங்கை எழுந்திருக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பஸ் ஏரிக்கரை வளைவில் திரும்பியது. கண்டக்டர் வாயைத் திறந்தார், பலகையைப் பார்த்தார், மூடிக்கொண்டார். பிறகு விசிலை ஊதி, "ரெண்டாவது ஸ்டாப்பு, எறங்கு" என்றார்.

'ங்க' வரவில்லை.

தங்கை எனக்கு முன்னால் படிக்குப் போனாள். அவர் எதிரில் நின்று, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எறங்குறேங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.