ஆட்டுக்குட்டி தொலைந்த அத்தியாயம்

எழுபதுகளின் கடைசி. மதுரையில் எங்கள் தெரு வாடகை நூலகத்தில் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசியில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும். படித்தவர்கள் அபிப்பிராயம் எழுதலாம். ஓரமெல்லாம் நாங்கள் கிறுக்கித் தள்ளியதால் கடைக்காரர் கண்டுபிடித்த வழி அது.

எங்கள் காம்பவுண்டில் எதிர்வீட்டு மாமா உசிலம்பட்டியில் குமாஸ்தா. சிறுவர் நாவல் ஒன்றைக் கையாலேயே எழுதி, பைண்ட் செய்து, அந்த நூலகத்தில் கொடுத்திருந்தார். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே போய் அந்தத் தாளைத்தான் பார்ப்பார். பாவம், ஒரு மாதமாக அது வெறுமையாகவே இருந்தது.

எனக்குப் பதினொரு வயது. எடுத்து வந்து படித்தேன். ஒரு பையனும் அவன் ஆட்டுக்குட்டியும் டவுன் பஸ்ஸில் அடிக்கும் கூத்து. வயிறு வலிக்கச் சிரித்தேன். எட்டாம் அத்தியாயத்தில் மேலூர்ச் சந்தையில் குட்டி தொலைந்துவிட்டது. பையன் வெறும் கயிற்றோடு நின்றான். நான் தேம்பித் தேம்பி அழுததை என் அண்ணன் பார்த்துவிட்டான்.

"ஐயே, கதைக்குப் போயி அழுகுறா பாரு!" என்று காம்பவுண்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

வந்ததே கோபம்! அதையெல்லாம் அந்தத் தாளில் கொட்டினேன். 'சிரிப்பே வரவில்லை. குட்டி தொலையும் இடம் படுமோசம்.' கீழே பெயரையும் வகுப்பையும் வேறு எழுதித் தொலைத்தேன். மறுவாரம் பார்த்தால், படித்தார்களோ இல்லையோ, நான்கு பேர் 'என் கருத்தும் இதுவே' என்று வரிசையாக எழுதியிருந்தார்கள்.

மாமா என்னை வாசலில் நிறுத்தினார். "ஏத்தா, அந்த இடம் அம்புட்டு மோசமாவா இருக்கு? சும்மா சொல்லு, வருத்தப்பட மாட்டேன்."

பக்கத்தில் அண்ணன் நின்றான். அழுதேன் மாமா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

பத்து நாள் கழித்துப் புத்தகத்தோடு வந்தார். எட்டாம் அத்தியாயத்தை பிளேடால் அறுத்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டியிருந்தார். இப்போது குட்டி தொலையவே இல்லை. கண்டக்டரின் டிக்கெட் கட்டை மென்று தின்றது. பின்னால் புது வெள்ளைத்தாள்.

"உனக்காகத்தான் மாத்துனேன். படிச்சிட்டு எழுதுத்தா." முகமெல்லாம் சிரிப்பு.

"பழைய அத்தியாயம் எங்க மாமா?"

"அது எதுக்கு இனிமே? அடுப்புல போட்டாச்சு."

அங்கேயே உட்கார்ந்து படித்தேன். எனக்கு அழுகையே வரவில்லை. 'மிகவும் நன்றாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தேன். மாமா அதை இரண்டு முறை படித்தார்.