கொழும்புப் படத்தில் ஒரு இத்தாலி சைக்கிள்

பேய் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், எத்தனை மணிக்கு, எத்தனை அடி தூரத்தில் என்று கேட்கிறவன் நான். பதில் வராது. வந்தாலும் இரண்டாவது தடவை கேட்கும்போது மாறிவிடும். நகராட்சியில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தேன், அதில் இருபத்திரண்டு வருஷம் சைக்கிள் வில்லை கொடுக்கிற மேஜையில். இந்தக் காலத்தவர்களுக்கு வில்லை என்றால் தெரியாது. அப்போது ஒவ்வொரு சைக்கிளுக்கும் வருஷா வருஷம் வரி கட்டி, நம்பர் அடித்த தகட்டு வில்லை வாங்கி மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பாலத்து முனையில் பிடித்துவிடுவார்கள். நான் சைக்கிளைக் கண்ணால் பார்த்துத்தான் எழுதுவேன், சொல்லக் கேட்டு எழுத மாட்டேன். மூன்று தடவை பார்த்து மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் பேனாவை எடுப்பேன். இதனால் ஆபீசில் எனக்கு இருந்த பட்டப்பெயரை இங்கே எழுத வேண்டாம்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம், நான் தப்பாகப் பார்த்திருப்பேன் என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். சொல்லுங்கள். நானே நாலு வருஷமாக எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன், ஒட்டவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. தச்சநல்லூரில் எங்கள் வீட்டிலிருந்து பதினாலாவது கடை மைதீனுடைய சைக்கிள் கடை. நாற்பது வயதுக்காரன், வாய் கொஞ்சம் நீளம். ஒரு வியாழக்கிழமை காலையில் ஒரு கவரோடு வந்து நின்றான்.

"அண்ணாச்சி, இதுல இருக்கது என்ன சைக்கிள்னு பாத்துச் சொல்லணும். ஏரல்ல எங்க ஜொகரா மாமி இருக்காஹல்லா, வாப்பாக்கு அக்கா, அவுஹளுக்குத் தெரியணுமாம்."

"சைக்கிள் கடை வச்சிருக்கவன் நீ. எங்கிட்ட வாரே."

"நான் பஞ்சர் ஒட்டுதவன் அண்ணாச்சி. நீங்கதான் ஸ்போக்ஸ எண்ணுதவுஹ."

உள்ளேயிருந்து என் மனைவி, "ஸ்போக்ஸ் மட்டுமா, ஆப்பத்துல எத்தனை ஓட்டைன்னு கேளு, அதுக்கும் நோட்டு வச்சிருப்பாஹ" என்றாள்.

படம் உள்ளங்கை அளவு, கறுப்பு வெள்ளை. ஒரு கடை வாசல். முப்பது வயதுக்குள் ஒல்லியாக ஒரு ஆள், கட்டம் போட்ட சாரம், வெள்ளைச் சட்டை. சாரம் கட்டிக்கொண்டு ரேஸ் சைக்கிள் வைத்திருந்த ஒரே மனிதர் இவராகத்தான் இருக்கும். சைக்கிளுக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தார். இரண்டு கையாலும். எட்டு விரல் தெரிந்தது, கட்டைவிரல் இரண்டும் பிடிக்கு அடியில். படத்தின் பின்பக்கம் மையில், "இதுதான் என் இத்தாலிக்காரி" என்று ஒரே வரி. தேதி கிடையாது.

மைதீன் விஷயத்தைச் சொன்னான். படத்தில் இருப்பவர் ஜொகரா மாமியின் முதல் மாப்பிள்ளை, பெயர் செய்யது. கொழும்பில் துணிக்கடை. சுதந்திரம் வந்த மறு வருஷம், காய்ச்சலில் மவுத்தாகிவிட்டார் என்று அங்கிருந்து தந்தி வந்தது. அந்த அம்மாளுக்கு அப்போது இருபது வயது. புருஷனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கிற இத்தாவை நாலு மாதம் பத்து நாள் இருந்தார்கள். ஒன்றரை வருஷம் கழித்து வேறு நிக்காஹ் செய்து வைத்தார்கள். அந்த மனிதரோடு நாற்பத்தைந்து வருஷம், ஐந்து பிள்ளைகள். அவர் இப்போது நடமாட்டம் இல்லாமல் படுக்கையில். இந்த நேரத்தில் கொழும்பில் செய்யதுடைய பழைய கூட்டாளி இறந்துபோய், அவருடைய பெட்டியில் இருந்த படம் யார் யாரோ கை மாறி ஏரலுக்கு வந்துவிட்டது. செய்யது எழுதிய எந்தக் கடிதத்திலும் சைக்கிள் வாங்கியதாக ஒரு வார்த்தை இல்லையாம்.

"மாமி ஒண்ணே ஒண்ணுதான் கேக்காஹ அண்ணாச்சி. இந்தப் படம் தந்திக்கு முந்தியா, பிந்தியா?"

நாளைக்கு ஜும்மா தொழுகை முடிந்ததும் மாமியைக் கூட்டிவருகிறேன் என்று படத்தை வைத்துவிட்டுப் போனான்.

எனக்கு இத்தாலி சைக்கிள் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பாபநாசத்தில் மில்லில் இருந்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயர் அப்படி ஒன்று வைத்திருந்தார். டவுனுக்கு அதிலேயே வருவார், அதனால் என்னிடம் வில்லை வாங்கினார். நான் அதை முக்கால் மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்ததில் அவருக்கு என்மேல் பிரியம் வந்து, ஊருக்குத் திரும்பும்போது இரண்டு காட்டலாக்குகளைக் கொடுத்துவிட்டுப் போனார். படிக்கத் தெரியாத பாஷை, ஆனால் படங்கள் உண்டு, ஓரத்தில் அவர் கையெழுத்தில் இங்கிலீஷில் குறிப்புகளும் உண்டு.

மத்தியானம் சாப்பிட்டதும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நம் ஊர் சைக்கிளில் முன்சக்கரத்துக்கு முப்பத்திரண்டு கம்பி, பின்சக்கரத்துக்கு நாற்பது. படத்தில் இரண்டுக்கும் முப்பத்தாறு. அச்சில் நட்டுக்குப் பதிலாகச் சின்னதாக ஒரு மடக்குப் பிடி. கழுத்துத் தகட்டில் இருந்த முத்திரை காட்டலாக்கில் அப்படியே இருந்தது. இத்தாலிதான். இனி கியர். அதில்தான் வருஷம் தெரியும். பழைய மாடலில் சீட்டுக்கு அடியிலிருந்து பின் அச்சு வரைக்கும் இரண்டு நீளக் கம்பி இறங்கும், ஓட்டுகிறவன் கையைப் பின்னால் விட்டுத் திருக வேண்டும். புதிய மாடலில் கம்பி கிடையாது, பின் அச்சுக்குக் கீழே சின்னக் கை மாதிரி ஒன்று தொங்கும், சங்கிலி அதன் வழியாக வளைந்து போகும். அந்தக் கை எந்த வருஷம் சந்தைக்கு வந்தது என்று இஞ்சினீயர் ஓரத்தில் எழுதியிருந்தார். தந்தி வந்து மூன்று வருஷம் கழித்து.

படத்தில் கை தொங்கியது. மூன்று தடவை பார்த்தேன். நோட்டில் பென்சிலால் வரைந்தேன். நீளக் கம்பி இல்லை, தொங்கும் கை உண்டு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன், பழக்கம்.

பிறகுதான் உறைத்தது, நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று. அந்த அம்மாள் இரண்டாவது நிக்காஹுக்கு உட்கார்ந்தபோது முதல் புருஷன் உயிரோடு இருந்திருக்கிறார்.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். "முந்தினதுன்னு சொல்லிட்டா என்ன கொறஞ்சிரும்?" என்றாள்.

"முப்பத்தொரு வருஷத்துல ஒரு பொய்ப் பதிவு எழுதினதில்ல."

"இது வில்லை இல்ல. சாகக் கெடக்க மனுஷனுக்குக் கஞ்சி ஊத்திக்கிட்டு இருக்கா ஒருத்தி."

படத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சாவி ஒன்றுதான், அது என் அரைஞாணில். இரவு தூக்கம் இல்லை. சொன்னால் அந்த வீட்டில் ஏழு பேருக்குப் பாதிப்பு, சொல்லாவிட்டால் எனக்கு ஒருவனுக்கு. கணக்கு எளிது, ஆனால் மனசு கேட்கவில்லை. விடியும்போது உண்மையைத்தான் சொல்வது என்று முடிவு செய்தேன். நல்ல முடிவு என்று இன்றும் எனக்கு நிச்சயம் இல்லை.

வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கு வந்தார்கள். மைதீன் குளித்து, வெள்ளைச் சட்டையில், அத்தர் வாசனையோடு இருந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டான். ஜொகரா அம்மாள் சலவை வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்தி, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். காப்பியைக் கையில் வாங்கினார்கள், குடிக்கவில்லை.

"அண்ணாச்சி, தெரியாமச் செஞ்சதுக்கு அல்லா பிடிக்க மாட்டான். அது எனக்குத் தெரியும். ஆனா நாளைக்கு மவுத்தாகி அங்கன போயி நிக்கும்போது படத்துல இருக்க இவரு என் மொகத்தப் பாத்து, எனக்காக நீ கொஞ்சம் பொறுக்கலியே புள்ளன்னு கேட்டாருன்னா, நான் என்ன சொல்லுவேன்? அதுக்குத்தான் கேக்கேன். உள்ளதச் சொல்லுங்க."

பீரோவைத் திறந்து படத்தை எடுத்தேன். அவர்களே பார்க்கட்டும், நான் பிறகு விளக்குகிறேன் என்று நினைத்து, படத்தையும் பூதக்கண்ணாடியையும் கொடுத்து, "பின்சக்கரத்துக்கிட்ட என்ன இருக்குன்னு பாருங்க" என்றேன். எது இருந்தால் என்ன அர்த்தம் என்று நான் அதுவரை அவர்களிடமோ மைதீனிடமோ மூச்சு விடவில்லை.

அவர்கள் பைய குனிந்து பார்த்தார்கள். "சீட்டுக்குக் கீழருந்து ரெண்டு கம்பி நீளமா எறங்குதே, அதா அண்ணாச்சி?"

நான் வாங்கிப் பார்த்தேன்.

இரண்டு கம்பி. சீட்டுக்கு அடியிலிருந்து பின் அச்சு வரைக்கும், கோடு கிழித்த மாதிரி. தொங்கும் கை இல்லை. சங்கிலி நேராகப் போயிற்று. நம்பினால் நம்புங்கள். அதோடு அந்த மனிதர் இடது கையால் மட்டும் ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தார். வலது கை சீட்டுக்கு மேலாக நீண்டு, அந்தக் கம்பிகளின் முனையில் இருந்தது. இப்போதுதான் எதையோ திருகி முடித்ததுபோல. விரல்களில் கறுப்பு அப்பியிருந்தது. முகம் மட்டும் நேற்றுப் பார்த்த அதே முகம்.

மூன்று தடவை பார்த்தேன். மூன்றும் ஒன்றாகவே இருந்தது. வியாழக்கிழமையும் மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தது.

"இவரு கை," என்றேன், "முன்னாலயும் இங்கனதான் இருந்துதா?"

"நான் கையப் பாக்கல அண்ணாச்சி. வந்த நாள்லருந்து மொகத்தத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்." பிறகு லேசாகச் சிரித்தார்கள். "இவரு ஒரு எடத்துல சும்மா நிக்க மாட்டாரு. எதையாவது திருகிக்கிட்டேதான் இருப்பாரு."

நான் கண்ணால் பார்ப்பதைத்தான் சொல்ல வேண்டும், அதுதான் என் விதி. சொன்னேன். இது பழைய மாடல், தந்திக்கு முன்னாலேயே இருந்தது, படம் அப்போது எடுத்ததாக இருக்கலாம் என்றேன். உங்களுக்குத் தோன்றுவது எனக்கும் தோன்றியது. பழைய சைக்கிளைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் படம் எடுக்கலாம், பழைய கியர் எதையும் நிரூபிக்காது. புதிய கியர் ஒன்றுதான் நிரூபிக்கும், அது அங்கே இல்லை. அவர்கள் அதற்குமேல் கேட்கவில்லை. படத்தைத் துப்பட்டிக்குள் வைத்துக்கொண்டார்கள். கண் துடைத்தார்கள். ஆறிப்போன காப்பியை ஒரே மூச்சில் குடித்தார்கள்.

அவர்கள் வாசல்படி இறங்கி பஸ்ஸுக்குப் போகும்போது என் மனைவி என் முழங்கையைப் பிடித்தாள். அந்த அம்மாளின் துப்பட்டியில், பின்பக்கம் வலது தோளில், நாலு கறுப்புத் தடம். சங்கிலியில் இருக்குமே, அந்தக் கிரீஸ். நாலு விரல் அகலம், நாலு விரல் நீளம். வரும்போது அது இல்லை. உள்ளே அவர்களுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது, நாங்கள் போன மாதம் சுண்ணாம்பு அடித்த சுவர். மைதீன் கை என்பீர்கள். அவன் வாசலைத் தாண்டவே இல்லை. என் கை சுத்தமாக இருந்தது.

நாங்கள் இருவரும் அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து மைதீனிடம் மெதுவாகக் கேட்டேன், அன்றைக்குப் படத்தைக் கொண்டுவந்தாயே, கை எங்கே இருந்தது என்று. "ரெண்டு கையும் ஹேண்டில்பார்லதான்" என்று சொல்லிவிட்டு, அவனே ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். "விடுங்க அண்ணாச்சி" என்று டியூபைத் தண்ணீரில் முக்கப் போய்விட்டான்.

நோட்டு இன்னும் இருக்கிறது. நீளக் கம்பி இல்லை, தொங்கும் கை உண்டு, கீழே என் கையெழுத்து. அடிக்கவும் மனசில்லை, அப்படியே விடவும் மனசில்லை. அந்த மனிதர் மன்னித்துத் தோளில் கை வைத்தாரா, போகாதே என்று வைத்தாரா என்றும் எனக்குத் தெரியவில்லை. அதைக்கூட வயதான மூளையின் கோளாறு என்று ஒருநாள் தள்ளிவிடுவேன். தள்ள முடியாதது வேறொன்று. சென்ற வருஷம் மைதீன் பேச்சுவாக்கில் சொன்னான்.

"மாமி மாதிரி ஆளு கெடையாது அண்ணாச்சி. உங்க வீட்டுக்கு உடுத்திட்டு வந்த துப்பட்டிய அன்னைக்கு ராத்திரி இருட்டுலயே சுருட்டிப் பெட்டியில வச்சவுஹதான், மருமகள் எத்தனை தடவ கேட்டும், வலது தோளத் தொட்டுக்கிட்டே துவைக்கக் குடுக்க மாட்டேங்காஹ. வீட்டுக்குப் போயி அத அவுஹ பிரிச்சுக்கூடப் பாக்கலியாம்."