மணிக்கூண்டின் நாக்கு

எங்கள் பேக்கரியில் அத்தானுக்கு மணிக்கூண்டு என்று பெயர். வைத்தது மைத்துனனான நான்தான். சர்க்கரை நோய் வந்த நாளிலிருந்து காலை ஏழு, பதினொன்று, மதியம் இரண்டு என்று இம்மி பிசகாமல் டப்பாவைத் திறப்பார். அவித்த பயறு, வெள்ளரிக்காய், ஒரு முட்டை. அடுப்பில் ரொட்டி கருகினாலும் டப்பாதான் முதலில். எல்லாம் அக்கா அளந்து கட்டிக் கொடுப்பது.

அப்படியும் சுகர் இறங்கவில்லை. கால் பெருவிரலில் வந்த புண் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவருக்கு அது சின்ன விஷயமா? இவர் திருட்டுத்தனமாகக் கேக் தின்கிறார் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். அத்தான் சத்தியம் செய்து பார்த்தார். கல்லாவிலிருந்து பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், ஒரு துண்டு வாயில் வைத்ததில்லை என்று நானும் சாட்சி சொன்னேன். கூட்டுக் களவாணிகள் என்று திட்டிவிட்டு, எங்கள் இருவரோடும் பேசுவதையே நிறுத்தினாள்.

ஒரு நாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்து மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். கையில் ஒரு கண்ணாடித் தம்ளர், ஒரு சின்னக் கரண்டி. மடியில் கனமில்லாத அத்தான் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். கிரீம் அடித்தார், கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்தார். பாகு காய்ச்சினார், அதில் ஒரு சொட்டு. சாக்லேட் உருக்கினார், விரலால் ஒரு வழிப்பு. அவர் நாக்கு சரி என்று சொல்லாமல் எங்கள் கடையில் ஒரு தட்டும் வெளியே போகாது. ஒவ்வொரு தடவையும் அக்கா அதே அளவு எடுத்துத் தம்ளரில் போட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பதினொரு மணிக்கு அவர் டப்பாவைத் திறந்ததும் பக்கத்தில் தம்ளரை வைத்தாள். பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

"இதையும் சேத்துச் சாப்பிடுங்க. காலையிலேருந்து நீங்க உள்ள தள்ளினது இவ்வளவு."

"ருசி பாக்கறது சாப்பாட்டுல சேத்தியா?" என்றார் அத்தான்.

கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். இருபத்திரண்டு வருடமாகத் தின்பதற்கு ஒரு வாய், ருசி பார்க்க ஒரு வாய் என்று பிரித்து வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறோம்.

அக்கா சண்டைக்குத்தான் வந்திருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "நீங்க பொய் சொல்லல. நான்தான் உங்களைத் திருடன்னுட்டேன்" என்றாள். அத்தான் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றே கால் ஆகியும் அவர் டப்பாவில் கை வைக்காதது அன்று ஒரு நாள்தான்.

மறுநாள் கிரீம் கரண்டி பழக்கத்தில் அவர் வாய்வரை போயிற்று. நிறுத்தி, என்னைக் கூப்பிட்டு நீட்டினார். வேறு யார் நாக்கையும் நம்பாத மனிதர்.

"எப்படிடா இருக்கு?"

கரண்டியை வாங்கி நாக்கில் வைத்தேன். சரியாக இருக்கிறது என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

ஐந்தாவது வாரம் டாக்டர் கட்டைப் பிரித்தார். விரல் பிழைத்துவிட்டது. இன்றும் ஒவ்வொரு தட்டுக்கும் அத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பரீட்சை எழுதியவர் மாதிரி. அக்கா இப்போது இரண்டு டப்பா கட்டுகிறாள். பதினொரு மணிக்கு எனக்கும் பயறுதான்.