மச்சான் கொண்டுவந்த தங்கநிற ரீல்

நம் வீட்டு மொட்டைமாடியில் துணிக்கொடியின் ஒரு முனை சுவரில் அடித்த கொக்கியில் இருக்கிறது. மறுமுனை, தண்ணீர்த் தொட்டிக் குழாயோடு சேர்த்துக் கட்டிய, சாயம் போன ஒரு தங்கநிற உருளையில் போய்ச் சுற்றிக்கொள்கிறது. கொடி தொய்ந்தால் அதன் கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றுவீர்கள். டக் டக் என்று சத்தம் போட்டு நின்றுகொள்ளும். விவரம் தெரிந்த நாளிலிருந்து நீங்கள் மூன்று பேரும் அதைச் செய்கிறீர்கள். அது என்ன சாமான் என்று ஒருவரும் கேட்டதில்லை. போன வாரம் சின்னவன் சிநேகிதர்களோடு கோவளத்தில் தூண்டில் போடப் போவதாகச் சொல்லி, போனில் ரீல் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். இருப்பதிலேயே பெரிதாக ஒன்றைத் தொட்டு, "இதையே வாங்கிடலாமாப்பா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். சின்னவனே, நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. உன் மாமாவை நினைத்துச் சிரித்தேன். நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். இதில் பிழை இருந்தால் அக்காவைத் திருத்தச் சொல்.

எண்பதுகளின் கடைசி அது. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மேற்குத் தாம்பரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் எனக்கு வேலை. எரிந்துபோன மோட்டாரிலிருந்து கருகின செம்புக் கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுக் கம்பியைப் பிசகாமல் சுற்றி ஏற்றுவதுதான் நாள் முழுக்க. அப்போதுதான் உங்கள் அம்மாவின் அண்ணன், அதாவது உங்கள் மாமா, வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தார். தன் கல்யாணம் முடிந்த சூட்டோடு மனைவியைக் கூடுவாஞ்சேரியில் அவள் அப்பா வீட்டில் விட்டுவிட்டுப் போனவர், ஒரு வருஷம் முடியும் முன்பே பெட்டியோடு எங்கள் வாசலில் நின்றார். "கம்பெனிய மூடிட்டான் மாப்ள" என்றார். பெட்டியில் ஒரு கம்பளி, இரண்டு சென்ட் பாட்டில், தைலம், அடியில் சிவப்பு வெல்வெட் பை. அந்தப் பையைப் பார்த்ததும் உங்கள் அம்மா எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மாமா பையை அவிழ்த்தார். பளபளவென்று இந்த ரீல் வெளியே வந்தது.

"தூண்டில் ரீலு. அம்பது கிலோ சூரை மீன் இழுத்தாலும் அசையாது."

"பீர்க்கன்கரணை ஏரியில கடல் சூரை எங்க மச்சான் இருக்கு?" என்றேன்.

"பெரிய மீனையே நிறுத்தும்னா சின்ன மீனை நிறுத்தாதா?" என்றார். உங்கள் அம்மா எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தாள்.

மாமாவுக்கு அப்போது இருந்த ஒரே கவலை அவருடைய மாமனார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் எதிரில் வருகிற எல்லாரையும் டிக்கெட் எடுக்காதவர்களாகவே பார்ப்பார். பாதியில் திரும்பி வந்தவனை நம்பிப் பெண்ணை எப்படி அனுப்புவது என்று அவருக்குத் தயக்கம். ஞாயிற்றுக்கிழமை வந்து நேரில் பேசிவிட்டு முடிவு சொல்வதாகத் தகவல் அனுப்பியிருந்தார். மாமா சும்மா இருந்திருக்கலாம். 'மதியச் சாப்பாட்டுக்கு நானே பிடித்த விரால் மீன் குழம்பு' என்று பதில் எழுதிப் போட்டுவிட்டார். எழுதிய பிறகுதான், ரீல் வாங்கினவர் தூண்டில் கம்பு வாங்கவில்லை என்பது எங்களுக்கு உறைத்தது.

ஒரு மூங்கில் கழியைச் சீவினோம். ரீலை அதன்மேல் வைத்து, சைக்கிள் ட்யூபைப் பட்டை பட்டையாகக் கிழித்து இறுக்கிக் கட்டினேன். தூண்டில் நரம்பு ஓடுவதற்குக் கடையிலிருந்த பழைய செம்புக் கம்பியை வளையமாகத் திருகி வரிசையாக வைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஞாயிறு காலை சைக்கிளில் போய் ஏரிக்கரையில் இறங்கினோம். அங்கே ஒரு டெய்லர் பாய் ஞாயிறு தவறாமல் உட்கார்ந்திருப்பார். அவரிடம் கம்பும் கிடையாது, ரீலும் கிடையாது. காலிப் பவுடர் டப்பா ஒன்றில் நரம்பைச் சுற்றி வைத்திருப்பார். டப்பாவின் வாயை ஏரிப் பக்கம் நீட்டிக்கொண்டு தூண்டில் முள்ளை வீசினால் நரம்பு வழுக்கிக்கொண்டு ஓடும். அவர் பக்கத்து வாளியில் அதற்குள் மூன்று ஜிலேபி மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

எங்கள் கழியைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா இது, கப்பலு கட்டி இஸ்க்கறதா?" என்றார் பாய்.

"வெளிநாட்டு ரீலு பாய். பாத்துக்கிட்டே இருங்க" என்றார் மாமா.

பாய் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கத்தான் ஒன்றும் நடக்கவில்லை. மாமா வீசினால் முள் காலடியில் விழுந்தது. சில தடவை பின்னால் வேலிக்காத்தானில் மாட்டியது. வெயில் ஏறியது. அந்த நேரத்தில்தான் மாமனார் வந்து சேர்ந்தார். வீட்டுக்குப் போனவரை, இங்கே இருக்கிறோம் என்று உங்கள் அம்மா அனுப்பியிருக்கிறாள். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. அந்தத் துண்டின் நுனியில், யார் கையிலும் கொடுக்காத அவர் வீட்டுப் பீரோ சாவி முடிந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் வந்து நின்றவர் பேசவில்லை, இருமவில்லை. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் மாமா பலத்தையெல்லாம் திரட்டிக் கழியைப் பின்னுக்குக் கொண்டுபோய் வீசிவிட்டார். அன்றைக்கு அவர் வீசியதிலேயே அதுதான் தூரம் போனது. வெள்ளையாக ஒன்று கொக்குபோல எங்கள் தலைக்குமேல் பறந்துபோய் ஏரியில் இறங்கியது.

"என் சாவி!" என்றார் மாமனார்.

மாமா பதறிப்போய்க் கைப்பிடியைச் சுற்றினார். அது அசையவில்லை. ரீலுக்குள் நரம்பு தூக்கணாங்குருவிக் கூடுபோல உப்பிக்கொண்டு நின்றது. என்ன ஆயிற்று என்று எனக்குப் பார்த்தவுடன் புரிந்துவிட்டது. இந்த வகை ரீலில் நரம்பு போகும்போது உருளையும் சேர்ந்து சுழலும். முள் தண்ணீரில் விழுந்து நின்றாலும் உருளை நிற்காது. நரம்பை வாந்தியெடுத்துக்கொண்டே இருக்கும். பெருவிரலை மேலே வைத்து அடக்கத் தெரிந்திருக்க வேண்டும். காயில் சுற்றுகிற எங்களுக்குக் கம்பிமேல் வைக்கிற பெருவிரல்தான் பிரேக். அது கைக்கு வரவே எனக்கு ஆறு மாதம் பிடித்தது. மாமா காலையில்தான் ஆரம்பித்தார்.

கம்பி சிக்கினால் கடையில் என்ன செய்வேனோ அதையே யோசிக்காமல் செய்தேன். சிக்கை எடுக்க எடுக்க, விடுபட்ட கம்பியைச் சுற்றி வைக்க யாராவது ஒருவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். மாமா கழியைப் பிடித்திருந்தார். மிச்சம் இருந்தது மாமனார்தான்.

"ஐயா, உக்காந்து கையை நீட்டுங்க."

பழக்கமில்லாத உத்தரவு. அதனாலோ என்னவோ நீட்டிவிட்டார். நான் அவர் இரண்டு கையிலும் நரம்பை எட்டுப் போட்டுச் சுற்ற ஆரம்பித்தேன். பத்து நிமிஷத்தில் அவர் எழுந்து போகவும் முடியாது, கையை ஓங்கவும் முடியாது என்ற நிலை. வாய் மட்டும்தான் கட்டில்லாமல் இருந்தது. மருமகனிடம் கேட்டார்.

"கம்பெனி மூடிட்டான்னு எழுதியிருந்தீங்க. எப்ப மூடினான்?"

மாமா ரீலையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூடல மாமா. நான்தான் எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

எனக்கே அது புதுச் செய்தி. கையில் இருந்த முடிச்சை விட்டுவிட்டு மறுபடி தேடினேன்.

"அடிச்சானா? சம்பளம் தரலையா?"

"அதெல்லாம் இல்ல. வெள்ளிக்கிழமை லீவு. எல்லாரும் துறைமுகத்துல மீன் பிடிக்கப் போவாங்க. நான் ரூம்ல உக்காந்து உங்க பொண்ணுக்கு லெட்டர் எழுதுவேன். ஒருநாள் எழுத உக்காந்தா எழுதறதுக்கு ஒண்ணுமே இல்ல மாமா. நலம், நலமறிய ஆவல்னு எழுதிட்டு மேல ஒரு வரி வரல. அதான் பயந்துட்டேன்."

"இந்தச் சனியன எதுக்கு வாங்கினீங்க?"

"வெறுங்கையோட வர வெக்கமா இருந்துச்சு. கடைக்காரன் எவ்ளோ பெரிய மீனுக்குன்னு கேட்டான். நான் கையை இப்படி..." என்று காட்டப்போனார். கழி நழுவப் பார்த்தது.

"கழியைப் பிடிங்க!" என்று மாமனாரும் நானும் ஒன்றாகக் கத்தினோம்.

நான் இன்னும் நாலு முடிச்சை அவிழ்த்து மாமனார் கையில் ஏற்றினேன். கடைசியில் அவர், "டிக்கெட் எடுக்காம ஏறினவன்கிட்ட ஏன் எடுக்கலன்னு கேப்பேன். நூறு கதை சொல்லுவான். உள்ளதைச் சொன்னவனை அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி எடுத்துக்கய்யானு விட்டிருக்கேன்" என்றார். கையை அசைக்காமல் முகத்தை மட்டும் திருப்பி மருமகனைப் பார்த்தார். "சாயங்காலம் என்கூட வாங்க. அவளைக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. வேலை தேடிக்கலாம். ஆனா இதை எடுத்துக்கிட்டு என் வீட்டுப் படி ஏறாதீங்க."

மாமா தலையாட்டினார். மூக்கை உறிஞ்சினார். துடைத்துக்கொள்ள அவருக்கும் கை காலியாக இல்லை.

சிக்கு முழுவதும் விடுபட்டபோது உச்சி வெயில். மாமனார் கையிலிருந்த நரம்பை ரீலில் ஏற்றிக்கொண்டு, மாமா கைப்பிடியைச் சுற்றினார். அடடா, என்ன இழுவை! நனைந்து கனத்த துண்டு பாசியை வாரிக்கொண்டு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தது. சாவியும் இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் ஏதோ சுறாவைப் பிடித்துவிட்ட மாதிரி சந்தோஷம்.

பாய் வாளியோடு எழுந்து வந்தார். "நரம்ப கையால புட்ச்சி இஸ்த்திருந்தா அப்பவே வந்திருக்கும்ண்ணா."

"அப்பவே சொல்றதுக்கு என்ன பாய்?" என்றேன்.

"நீங்க முக்கியமான மேட்டரு பேசிக்கினு இருந்தீங்க. நடுவுல பூந்தா நல்லாவா கீது?" என்று சொல்லிவிட்டு, ஐந்து ஜிலேபி மீனை எங்கள் பையில் போட்டார். விரால் குழம்புக்கு அரைத்து வைத்த மசாலாவில் உங்கள் அம்மா ஜிலேபியைப் போட்டாள். மாமனார் இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். சாயங்காலம் ரயிலேறிப் போன மாமா, அன்றைக்கே உங்கள் அத்தையோடு வந்து இறங்கினார்.

அதனால் சின்னவனே, மீன் எவ்வளவு பெரிது என்று பார்த்து ரீல் வாங்காதே. தண்ணீர் எவ்வளவு, உன் கைக்கு என்ன தெரியும் என்று பார். உருளை சுழலாமல், பாயின் டப்பா மாதிரி நரம்பு மட்டும் வழுக்கி ஓடுகிற ரீல் இருக்கிறது. கையடக்கமாக அதில் ஒன்று வாங்கு. உருளை சுழலுகிற பெரிய ரீல் நல்ல சாமான்தான். உன் பெருவிரலுக்குப் பழக்கம் வரட்டும், பிறகு வாங்கலாம். வீசும் முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள். இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

மாமனார் வார்த்தைக்குக் கட்டுப்பட்டு மாமா ரீலை என்னிடமே விட்டுவிட்டுப் போனார். அது அப்புறம் தண்ணீரைப் பார்க்கவில்லை. இதை எழுதிக்கொண்டிருந்தபோது காற்று பலமாக அடித்தது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். கொடி தொய்ந்திருந்தது. கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றினேன். டக் டக் என்று இறுகி நின்றுகொண்டது. முதன்முதலில் துண்டைப் பிடித்த ரீல், இன்றைக்கும் நம் ஐந்து பேர் துண்டையும் விடாமல் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.